மகளின் முன்பல் உடைந்தது: பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மே மாதக் கடைசியில், மீன்பிடித் தடைக்காலத்தில், என் தம்பி 9 வயது மகளை பைக்கில் உச்சிப்புளிக்குக் கூட்டிப் போனான். மீன் ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று சந்திலிருந்து திடீரென்று திரும்பி இடித்துவிட்டது. பிள்ளைக்கு உதட்டில் தையல். மேல் முன்பல் இரண்டும் பாதிக்கு மேல் உடைந்துவிட்டன. நான்கு மாதமாக வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுகிறாள். வண்டிக்காரர் எங்கள் ஊர் மீன் வியாபாரி. வீட்டுக்காரர் அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஊர்க்கூட்டத்தில் பேசி 15,000 ரூபாய் தருகிறேன், இனி வழக்கு இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள் என்கிறார். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கொடுத்தார்கள். என்ன செய்வது?

பதில்: பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா.

அந்த 15,000 எதற்குக் காணும் என்று முதலில் பாருங்கள். 9 வயதில் மேல் முன்பல் முளைத்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும், வேரின் நுனி இன்னும் முழுதாக மூடியிருக்காது. இப்போது பல் நிறத்திலேயே பூசிக் கட்டி விடுவார்கள். அது பெயர்ந்தால் மறுபடி கட்ட வேண்டும். அடிபட்ட பல் சில மாதம் கழித்துக் கறுத்து, உள்ளே செத்துப்போவதும் உண்டு. அப்போது வேர் சிகிச்சை. நிலையான கேப் போடப் பிள்ளை இன்னும் வளர வேண்டும். ஒருவேளை பல்லையே எடுக்கும்படி ஆனால், இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கத் தாடை வளர்ச்சி முடிய வேண்டும், அதாவது 18 வயதாவது தாண்ட வேண்டும். ஆக இது இன்றைய பில்லோடு தீர்கிற செலவு இல்லை. பத்து வருடத்துக்கு விட்டுவிட்டு வரும். பத்திரம் கேட்கிறவர் பேசுவது இன்றைய பில்லைப் பற்றி மட்டும்.

சட்டத்தின் கண்ணில் இது சின்னக் காயமும் இல்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு எவையெல்லாம் கொடுங்காயம் என்று வரிசையாகச் சொல்கிறது. எலும்பு முறிவோடு பல் முறிவும் அதில் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நடைமுறையில் கோளாறு எங்கே வருகிறது தெரியுமா? விபத்தன்று ஆஸ்பத்திரியில் எழுதும் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில். ரத்தம் கொட்டுகிற உதட்டைத் தைப்பார்கள், உதட்டுக் காயத்தை எழுதுவார்கள், பல் அதில் ஏறாமலே போய்விடும். உங்கள் ஏ.ஆர். காப்பியை எடுத்துப் பாருங்கள். பல் இல்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, சான்று வாங்குங்கள். "முன்பல் உடைந்துள்ளது" என்று மொட்டையாக எழுதினால் போதாது. 11, 21 என்று பல் எண்கள் வேண்டும். பால் பல் இல்லை, நிலைப்பல் என்று வேண்டும் (இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கப்போகிற முதல் கேள்வியே இதுதான்). விபத்தில் உடைந்தது என்பதும், இனி வரக்கூடிய சிகிச்சைகள், அவற்றின் உத்தேசச் செலவும் வேண்டும். புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இந்த மதிப்பீட்டை வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. உடைந்த துண்டை மாத்திரை டப்பாவில் எடுத்து வைத்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தச் சான்றோடு ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். அஜாக்கிரதையால் கொடுங்காயம் என்பதற்கு அதே சன்ஹிதாவில் 125(பி) பிரிவு இருக்கிறது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட் இருக்கிறார். நான்கு மாதம் தள்ளிப் பதிந்தால் கேஸ் நிற்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் அடிபட்டவன் 8 வயதுச் சிறுவன், எஃப்.ஐ.ஆர். மூன்று மாதத்துக்கு மேல் தாமதம். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மட்டும் வைத்துக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் இன்னொரு கெடு இருக்கிறது, அதில் அசட்டையாக இருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்யலாம். பிள்ளையின் பெயரில், காப்பாளராக நீங்களோ வீட்டுக்காரரோ போடலாம்.

எவ்வளவு கிடைக்கும்? அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று நிர்ணயத் தொகை இருக்கிறது. 166-ல் போனால் தப்பை நிரூபிக்க வேண்டும். ஆனால் சிகிச்சைச் செலவு, எதிர்காலச் சிகிச்சை, பட்ட வலி, ராமநாதபுரத்துக்கு அலைந்த பஸ் செலவு எல்லாம் தனித்தனியாகக் கேட்கலாம். குழந்தைகளுக்கு நிரந்தர ஊனம் 10 சதவீதத்துக்குள் இருந்தாலும், சிகிச்சைச் செலவு போக 1 லட்சம் என்று 2013-ல் மல்லிகார்ஜுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவு வைத்தது. பல் டாக்டரின் மதிப்பீடு கைக்கு வந்ததும் எந்தப் பிரிவு என்று வக்கீலோடு முடிவு செய்யுங்கள். உங்கள் தம்பி மேலும் கொஞ்சம் தப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை, இரண்டு வண்டிகளில் எதன் மீது வேண்டுமானாலும் முழுத் தொகையும் கேட்கலாம்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட கவலைக்கு வருகிறேன். ஊரில் அவர் முகத்தில் எப்படி முழிப்பது, வாங்கிய முன்பணம் என்ன ஆவது என்பதுதானே? வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் பணம் தரப்போவது கம்பெனி, அவர் இல்லை. அப்படியிருந்தும் பத்திரத்துக்கு இத்தனை அவசரப்படுகிறார் என்றால் எனக்கு ஒரு சந்தேகம். இன்சூரன்ஸ் காலாவதியாகி இருக்கலாம், டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். இன்றே பாருங்கள்.

மைனர் பிள்ளையின் வழக்கில் சமரசம் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஊர்ப் பத்திரம் அவளைக் கட்டாது என்று நான் வாதாடுவேன். ஆனாலும் உங்கள் கையெழுத்தைக் குறுக்கு விசாரணையில் நீட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தீர்ப்பாகும் தொகையில் பெரும்பகுதியைப் பிள்ளை பெயரில் 18 வயது வரை வங்கியில் போட்டுவைப்பார்கள். சிகிச்சைக்கு வேண்டியதை மனுப் போட்டு எடுக்கலாம்.

வக்கீல் பீஸுக்குக் கடன் வாங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போனும் செய்யலாம்.

ஊர்க்காரர்கள் வற்புறுத்தினால் 15,000-ஐ வாங்குவதில் தப்பில்லை. ரசீதை நீங்களே எழுதுங்கள்: "மகளின் சிகிச்சைச் செலவுக்காக முன்பணம் பெற்றுக்கொண்டேன்." அதற்கு மேல் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.