கடகடவென்று வாசிக்கிறான், கேட்டால் விழிக்கிறான்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறான். ‘என்ன படிச்சே?’ என்றால் விழிக்கிறான். ஆனால் கேள்வி-பதில் மட்டும் சரியாக எழுதிவிடுகிறான். இவனுக்கு எப்படிச் சொல்லித்தருவது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கேள்வி-பதிலை வைத்து நிம்மதியடையாதீர்கள், அம்மா. கேள்வியில் உள்ள சொல் பாடத்தில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எழுதினால் மார்க் வந்துவிடும். அதற்குப் பாடம் புரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அவன் படித்திராத ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால், கவனமெல்லாம் எழுத்தை உச்சரிப்பதிலேயே போய்விடுகிறது; இன்னும் எளிய புத்தகம் கொடுங்கள். கேட்டும் புரியவில்லையா? எழுத்துத் தமிழ் அவனுக்குப் பழகவில்லை. தினமும் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும்.

பிறகு இந்த இரண்டு வரியைக் கொடுத்துப் பாருங்கள்:

‘வானம் கறுத்ததும், அம்மா மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தைப் பாட்டி அவசரமாக உள்ளே எடுத்து வந்தாள். கடைசியில் ஒரு சொட்டுகூட விழவில்லை.’

வடகத்தை எடுத்து வந்தது யார்? பல பிள்ளைகள் ‘அம்மா’ என்பார்கள். முதலில் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் வரும் வினையோடு சேர்த்துவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று வரும்வரை யார் என்ன செய்தார்கள் என்பதை மனதில் தாங்கிக்கொண்டே போக வேண்டும்; வேகமாக வாசிக்கிற பிள்ளை அங்கேதான் நழுவவிடுகிறது. அடுத்து, எது விழவில்லை? ‘மழை’ என்ற சொல்லே அங்கே இல்லை. தேடி எழுதிப் பழகியவன் இதில் மாட்டிக்கொள்வான். யோசிப்பவன் சொல்லிவிடுவான்.

இனி, புத்தகத்தைத் திறக்கும் முன்பே எதற்காகப் படிக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேடந்தாங்கல் பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ‘நாம போறதா இருந்தா எந்த மாசம் போகலாம்னு கண்டுபிடி’ என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை என்று சொல்லும் வரியில் கண் நிற்கும். மறுநாள் அதே கட்டுரை, வேறு வேலை: ‘ஊர்க்காரங்க ஏன் பறவையை விரட்டாம காப்பாத்துறாங்க?’ பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்ற இடம் இப்போதுதான் அவனுக்குத் தெரியவரும்.

நாளுக்கு 15 நிமிடம், 80 முதல் 100 சொல் கொண்ட பத்தி போதும். அதில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் இருந்தால் அந்தப் பத்தி இப்போதைக்கு வேண்டாம். முதலில் மௌனமாக வாசிக்கட்டும். உரக்க வாசிக்கச் சொன்னால் உச்சரிப்பைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருப்பான். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்? எதை வச்சுச் சொல்றே?’ என்று கேளுங்கள். ஊகம் தப்பானாலும் பரவாயில்லை, காரணம் சொல்ல வேண்டும். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லட்டும். ‘மழ பெய்யவே இல்லமா’ என்றால் அதைத் திருத்தாதீர்கள். சொந்த வார்த்தையில் வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். புத்தக வரி அப்படியே வந்தால்தான் மறுபடி கேட்க வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால், தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிகளாகத் தந்த ‘நுழை, நட, ஓடு, பற’ புத்தகங்கள் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு உண்டு. அங்கே புத்தகத்தை அவனே எடுக்கட்டும், அது இரண்டாம் வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் சரி.