காலைக் கறியை இரவே செய்து வைக்கலாமா? கேள்வி பதில்

புட்டும் ஆப்பமும் இடியாப்பமும் காலையில் சுடச்சுடச் செய்தால்தான் நன்றாக இருக்கும் என்பதால், அவற்றுக்கான கறியையாவது முந்தின இரவே முடித்து வைக்க முடியுமா என்று குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நம் கறிகள் பெரும்பாலும் தேங்காயில் நிற்பவை. தேங்காய் எப்போது சட்டிக்குள் போகிறது என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

தக்கலை வாசகர்: கடலைக்கறியை இரவு எட்டு மணிக்கு இறக்கி அடுப்பங்கரையிலேயே மூடி வைத்தேன். காலையில் நுரைத்துப் புளித்த வாடை அடித்தது. நன்றாகக் கொதிக்க வைத்தால் சாப்பிடலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான். மூடிய சட்டியில் கெட்டியான கறி மெதுவாக ஆறுவதால், இரவின் பெரும்பகுதியை அது அந்த வெப்பத்திலேயே கழிக்கிறது. காலையில் கொதிக்க வைக்கும்போது கிருமிகள் பல செத்தாலும், சில வகைக் கிருமிகள் அதற்குள் உண்டாக்கிவிட்ட நஞ்சு கொதியில் அழிவதில்லை.

அடுத்த முறை கடலையை உப்புப் போட்டு வேகவைத்து, உள்ளியும் (வெங்காயம்) மசாலாவும் வதக்கிச் சேர்த்து, தேங்காய் சேர்க்காமல் இறக்குங்கள். உடனே அகலமான எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, அந்தப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டத்தில் வைத்துக் கிளறி ஆற்றுங்கள். சூடு தணிந்ததும், இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாத பாத்திரங்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். முற்றிலும் ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும் என்று பல வீடுகளில் பாதி இரவு வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதான் கறியைக் கெடுக்கிறது. காலையில் தேங்காயை அரைத்துச் சேர்த்து ஒரு கொதி விட்டால், புதிதாகச் செய்த கறியின் மணமே கிடைக்கும்.

நாகர்கோவில் வாசகர்: உள்ளித் தீயலுக்கும் இதே விதிதானா?

தீயல் சற்று விலக்கானது. தேங்காயைச் செந்நிறம் தாண்டும் வரை வறுக்கும்போது அதிலுள்ள ஈரம் போய்விடுகிறது. மேலும் புளியும் சேர்கிறது. தேங்காய், மல்லி, வற்றல் மிளகாய் ஆகியவற்றை வறுத்து, தண்ணீர் விடாமல் அரைத்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள்களுக்குத் தாராளமாக இருக்கும். முழுதாகச் செய்து முடித்த தீயலும் மறுநாள் சூடாக்கும்போது உள்ளியில் புளி ஊறி இன்னும் சுவைக்கிறது. முன்கூட்டியே செய்வதற்கு நம்மிடம் இருக்கும் கறிகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆனாலும் இதை இரவு முழுவதும் வெளியில் வைக்கலாகாது.

மார்த்தாண்டம் வாசகர்: ஆப்பத்துக்குச் செய்த தேங்காய்ப்பால் இஷ்டு, சூடாக்கும்போது திரிந்து போகிறது. ஏன்?

தேங்காய்ப்பாலில் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். கடுமையாகக் கொதிக்கும்போது அந்தப் புரதம் கட்டியாகி, எண்ணெய் தனியே மிதக்கிறது. திரிந்தாலும் அது கெட்டுப்போனதன் அடையாளமன்று, பார்வைக்குத்தான் குறை. இரண்டாம் பாலில் காய்களை வேகவைத்து அதுவரை மட்டும் இரவில் முடியுங்கள். காலையில் அதை நன்றாகக் கொதிக்க வைத்து, தீயைத் தணித்து, அப்போது பிழிந்த முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் குமிழ் எழும்பியவுடன் இறக்கிவிடுங்கள்.

குளச்சல் வாசகர்: மண்சட்டியில் வைத்த மீன் கறி மறுநாள்தான் ருசி என்பார்கள். புட்டுக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் அதையே எடுக்கலாமா?

எடுக்கலாம், குடம்புளியின் சாரம் மீனுக்குள் இறங்குவதால் அந்த ருசி வருவது உண்மைதான். முன்பு தேங்காய் சேர்க்காமல் புளி தூக்கலாக வைத்து, இரவும் காலையும் கொதிக்க வைத்துக் காத்தார்கள். தேங்காய் அரைத்துச் சேர்த்த மீன் கறிக்கு அந்த வழக்கம் போதாது. மண்சட்டி சூட்டை நெடுநேரம் விடாது என்பதால், மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மேலே சொன்னபடி ஆற்றி வையுங்கள். சாளை, அயிலை, சூரை ஆகிய மீன்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: இவை சமைக்கும் முன்பே வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகி முகம் சிவந்து தடிப்பு ஏற்படலாம், எத்தனை முறை கொதித்தாலும் அது போகாது. ஆகவே மறுநாளைக்கு வைக்க எண்ணினால், ஐஸில் இருந்த புதிய மீனாக வாங்குங்கள்.

குலசேகரம் வாசகர்: இரவில் கரண்ட் போய்விட்டால்?

கதவைத் திறக்காத ஃபிரிட்ஜில் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால், தேங்காய் சேர்த்த கறியையும் மீன் கறியையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் நீக்கிவிடுங்கள். நோய் தரும் கிருமிகள் பல வாடையே தருவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைவில் கொண்டு, மழைக்காலத்தில் அன்றன்றைக்கு வேண்டிய அளவே செய்வது நல்லது.

பூதப்பாண்டி வாசகர்: ஃபிரிட்ஜில் வைத்த கறியின் மேல் வெள்ளையாக ஆடை படிகிறது. பூஞ்சையா?

வழவழப்பாக, கரண்டி பட்டதும் உடைந்து, சூட்டில் உருகினால் அது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். பஞ்சு போல மயிர்த்திருந்தால் பூஞ்சை, முழுவதையும் கொட்டுங்கள்.

தோவாளை வாசகர்: மிஞ்சிய முட்டைக்கறியை மைக்ரோவேவில் சூடாக்கலாமா?

அவித்த முட்டையை முழுதாக வைத்தால் உள்ளே நீராவி அடைந்து வெடிக்கும்; பாதியாக வெட்டி வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறி, கறி முழுவதும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்கவும். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் எந்தக் கறியையும் நான் வைப்பதில்லை.