பக்டரிக்குப் போவதா, லிங்க் வகுப்புக்குப் போவதா?

கேள்வி: எனக்கு 41 வயது. வவுனியாவிலிருந்து கணவரின் ஸ்பொன்சரில் வந்து எட்டு மாதம், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்ட் கையில் இருக்கிறது. ஓ.எல். வரை படித்தேன். ஆங்கிலம் வாசித்தால் கொஞ்சம் விளங்கும், கதைக்கப் போனால் வாய் வராது. மகனுக்கு மூன்று வயது. "பக்டரிக்குப் போ, ஆங்கிலம் தானாக வரும்" என்கிறார் இவர். எனக்கு பி.எஸ்.டபிள்யூ. (முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலை) படிக்க விருப்பம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வேலைக்குப் போனால் காசு வரும். ஆங்கிலம் வருமா என்பது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்கள் பகுதியில் பல இடங்களில் லைனில் நிற்பவரும் தமிழ், சுப்பர்வைசரும் தமிழ், சாப்பாட்டு நேரக் கதையும் தமிழ். பத்து வருடம் அப்படி ஓடியபின், சிட்டிசன்ஷிப்புக்கு மொழிச் சான்று வேண்டும் என்று வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

லிங்க் என்பது புதிதாக வந்தவர்களுக்கு மத்திய அரசின் பணத்தில் 1992 முதல் நடக்கும் ஆங்கில வகுப்பு. கட்டணம் கிடையாது. ஆனால் அது பி.ஆர். உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது. சிட்டிசன் ஆனால் அதில் சேர முடியாது. பிறகு ஒன்ராறியோ மாகாண அரசின் பணத்தில் பள்ளிக்கூட போர்டுகள் நடத்தும் ஈ.எஸ்.எல். என்ற ஆங்கில வகுப்புத்தான். அதுவும் நல்லதுதான், ஆனால் கையில் இருக்கும் வாய்ப்பை முதலில் பாவியுங்கள்.

நேரே வகுப்புக்குப் போய் உட்கார முடியாது. முதலில் மதிப்பீட்டு நிலையத்தில் நேரம் எடுத்து, பி.ஆர். கார்டுடன் போக வேண்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியாக சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) மட்டம் போடுவார்கள். மொத்தம் 12 மட்டங்கள். எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் வாசிப்பு 4 வரும், பேச்சு 2 வரும். அதைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரிடமாவது கேள்விகளைக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். அப்படி மேல் வகுப்பில் ஏறியவர்கள், ரீச்சர் சொல்வது பிடிபடாமல் இரண்டு கிழமையில் நின்றுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் இலக்கணக் கொப்பி எழுதுவது குறைவு. டொக்டரின் கிளினிக்குக்கு போன் எடுத்து, "செவ்வாய் வர முடியாது, வேறு நாள் தாருங்கள்" என்று சொல்லப் பழக்குவார்கள். மகனின் பள்ளிக்கூடத்துக்கு, காய்ச்சல், இன்று வரமாட்டான் என்று மெசேஜ் விடுவது இன்னொரு பாடம். செய்து காட்டியதையெல்லாம் ஒரு ஃபைலில் சேர்த்து வைப்பீர்கள். கடைசியில் ஒரே பரீட்சையில் விதி முடிவதில்லை, பல இடங்களில் அந்த ஃபைலைப் பார்த்துத்தான் அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவார்கள். ஆகவே ஒரு தாளையும் தொலைக்காதீர்கள்.

சிட்டிசன்ஷிப்புக்கு 18 முதல் 54 வயது வரை மொழிச் சான்று கட்டாயம். கேட்டலிலும் பேசுதலிலும் மட்டம் 4 போதும், எழுத்தைப் பார்ப்பதில்லை. லிங்க் வகுப்பில் அந்த மட்டத்தை முடித்த சான்றிதழையே ஏற்கிறார்கள், காசு கட்டி வேறு மொழிப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இருப்பதால், உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

பி.எஸ்.டபிள்யூ.வுக்கு 4 போதாது. இடத்துக்கு இடம் மாறினாலும் 6, 7 என்ற அளவில் எதிர்பார்ப்பார்கள். முதியவரைக் குளிக்க வார்க்கவும் தூக்கி இருத்தவும் உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் ஐயா எவ்வளவு சாப்பிட்டார், எங்கே தோல் சிவந்திருக்கிறது என்று ஷிஃப்ட் முடிய எழுதி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆகவே 4 வந்ததும் நிறுத்தாமல், எழுத்தில் கூடுதலாக மினக்கெடுங்கள். எந்தப் பள்ளிக்கும் முற்பணம் கட்டமுதல், அவர்கள் கேட்கும் மட்டத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காக, தமிழர் நிறைந்த வகுப்பில் சேராதீர்கள். தேத்தண்ணி இடைவேளையில் ஆங்கிலம் போய்விடும். ஆப்கான்காரரும் சீனரும் பக்கத்தில் இருந்தால், உடைந்த ஆங்கிலத்திலாவது கதைத்தே ஆக வேண்டும். அதற்காக இரண்டு பஸ் மாறினாலும் பரவாயில்லை.

வேலையும் வேண்டுமென்றால் மாலை, சனிக்கிழமை, ஒன்லைன் வகுப்புகளும் உண்டு. மகனைப் பார்க்கும் வசதி சில பகல் வகுப்புகளில் இலவசமாக இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. அந்த இடங்கள்தான் முதலில் நிரம்பும். மதிப்பீட்டுக்கு நேரம் எடுக்கும்போதே அதைக் கேளுங்கள். அந்த போனை கணவரைக் கொண்டு எடுப்பிக்காமல் நீங்களே எடுங்கள்.