அமெரிக்காவில் வாங்கிய கமர்ஷியல் பைலட் லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றுவது சுலபமா?

சுலபமில்லை. ஆனால் அங்கே இருக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டால் முடியும். கேட்டவர் தம்பியோ தங்கையோ தெரியவில்லை. பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள், வீட்டில் "எப்ப வேலைக்குப் போவ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா ஐந்து மா நிலத்தை விற்று என்னை அனுப்பினார். பைலட் என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளை என்று கமெண்டில் எழுத வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 250 மணி நேரம் பறந்தவனுக்கு இந்திய விமான ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்கும் 200 மணி என்ன பெரிது என்றுதான் நானும் இருந்தேன். சிக்கல் மொத்தத்தில் இல்லை, உள்கணக்கில் இருக்கிறது. 200-ல் 100 மணி பிஐசி, அதாவது நீங்களே கேப்டனாகப் பறந்தது. அதில் 50 மணி கிராஸ் கன்ட்ரி, அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்தது. அதற்குள் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி, முழுதாக நின்று, மறுபடி கிளம்பியிருக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது, 10 மணி. இரவில் 5 மணி, பிஐசியாகப் பத்து டேக் ஆஃப், பத்து லேண்டிங்.

நான் மாட்டியது அந்த 300 மைலில். அந்த நீண்ட பயணத்தைத் தனியாகவும் பறக்கலாம், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க கேப்டன் வேலையை நாமே பார்த்தும் பறக்கலாம் என்று அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. நான் இரண்டாவது வகையில் பறந்திருந்தேன். ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, கும்பகோணத்துக்காரர் ஒரு சீனியர், பறந்த கணக்கையெல்லாம் எழுதிவைக்கும் என் லாக் புக்கைச் சமையலறை மேஜையில் விரித்துவைத்துப் பென்சிலால் வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். அந்த ஒரு வரியில் பென்சில் நின்றுவிட்டது. "இதுல பக்கத்துல ஆள் இருந்தாரா? அப்ப டிஜிசிஏல இத பிஐசியா எடுக்க மாட்டாங்கடா" என்றார்.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். அப்பாவுக்குப் போன் செய்து இன்னும் பணம் வேண்டும் என்று சொன்ன அந்த இரண்டு நிமிஷம்தான் மொத்தப் பயிற்சியிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எத்தனை நாள்ல வேணும்?" என்று மட்டும் கேட்டார். தனியாகப் போய் அந்தத் தூரத்தைத் திரும்பப் பறந்தேன். இறங்கிய இரண்டு இடத்திலும் பெட்ரோல் போட்ட ரசீதை வாங்கி லாக் புக்கிலேயே ஒட்டிவைத்தேன்.

அடுத்தது பெயர். நம் ஊர் மார்க் ஷீட்டில் இனிஷியலும் பெயரும்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிடும். ஃப்ளையிங் ஸ்கூலில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இங்கே வந்து, தேர்வு எழுதத் தேவையான டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பருக்கு விண்ணப்பித்தபோது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பவனும் லைசென்ஸில் இருப்பவனும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. நோட்டரி அஃபிடவிட்டைக் கையோடு வைத்திருங்கள்.

தேர்வு இரண்டு: விமான விதிகளான ஏர் ரெகுலேஷன்ஸ் ஒன்று, நேவிகேஷனும் மெட்டியும் (வானிலையியல்) சேர்ந்த காம்போசிட் பேப்பர் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 70 மார்க் வேண்டும். மெட்டியில் இந்தியப் பருவநிலை வரும், அமெரிக்கப் பாடத்தில் அது கிடையாது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது, கொல்லைத் தென்னை எல்லாம் தெற்கே பார்த்துச் சாய்ந்தன. நடுவில் இலை அசையாத அமைதி. அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. புயலின் கண் கடக்கும்போது காற்றின் திசை எப்படி மாறும் என்ற பக்கத்தை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்யவே இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று, மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தேன்.

அந்தத் தை மாதம் மிஞ்சிய சம்பா நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். எட்டு நாள் ரோட்டிலேயே காயவைத்து, ராத்திரி பனிக்குத் தார்ப்பாய் போட்டு, நானும் அப்பாவும் மாறி மாறிக் காவல் இருந்தோம். கூரை போட்ட ஒரு களம் கட்டிக் கொடுத்துவிட்டு 17 சதவீதம் கேட்டால் நியாயம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் என் ஃபீஸ் அந்த நெல்லிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெடிக்கல் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1, அமெரிக்க மெடிக்கல் இதற்கு ஆகாது. ஆர்டிஆர் ரேடியோ லைசென்ஸ் நான் எடுத்தபோது தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது, 2025 முதல் டிஜிசிஏவே நடத்துகிறது. உங்கள் லைசென்ஸ் உண்மையானதுதான் என்று அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவிடமிருந்து உறுதி வர வேண்டும். கடைசியாக இங்கே பகலிலும் இரவிலும் பறந்து காட்ட வேண்டும். எனக்கு எல்லாம் சேர்த்துப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஐந்தே மாதத்தில் முடித்தவர்களும் இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விதிகளும் மாறும், டிஜிசிஏ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இன்று ராத்திரியே லாக் புக்கை எடுங்கள். பிஐசி எத்தனை மணி, அதில் கிராஸ் கன்ட்ரி எவ்வளவு, 300 மைல் பயணத்தில் பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள், இரவு லேண்டிங் எத்தனை என்று எண்ணிக் கீழே எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.