திருநள்ளாறு மேல் செயற்கைக்கோள் நிற்குமா?

நிற்காது. "திருநள்ளாறு கோயிலுக்கு மேல் வரும்போது செயற்கைக்கோள் 3 விநாடி ஸ்தம்பிக்கிறது, நாசாவே வியந்தது" என்று உங்கள் பெரியப்பா அனுப்பியது கட்டுக்கதை.

தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் கீழேதான் வரும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறோ கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கே.

'நாசா' என்ற பெயர்தான் ஆளை மயக்குகிறது என்று நினைக்கிறேன். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி என்று அந்த ஃபார்வர்டில் தேடிப் பாருங்கள்.

ஒன்று: குடும்பக் குரூப்பில் வைத்துக் கேட்காதீர்கள், பெரியப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். கதை பொய் என்றால் சனீஸ்வரரே பொய் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார். என் சித்தி ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.