முதியோர் இல்லத்தில் யாரும் வராத யோகா வகுப்பு

கேள்வி: கோவைக்கு அருகே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு மாதங்களுக்கு முன் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். 65 முதல் 88 வயது வரையுள்ள 36 பேர் இங்கே தங்கியிருக்கிறார்கள். காலை 6 மணிக்கு யோகா, 10 மணிக்கு விளையாட்டு, மாலை 5 மணிக்கு பஜனை என்று அட்டவணை போட்டிருக்கிறேன். எதற்கும் எட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை. மற்றவர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வாரம் யோகாவின்போது பெரியவர் ஒருவர் தலைசுற்றி விழப் பார்த்தார். ஐந்து பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நிர்வாகமோ மாதந்தோறும் வருகை எண்ணிக்கையைக் கேட்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தலைசுற்றலிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. அந்தப் பெரியவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்கும்படி உங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள். நின்றவுடன் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ, அதற்கு மேலோ இறங்கினால், எழும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது என்று பொருள். ரத்த அழுத்த மாத்திரைகளும், புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் டாம்சுலோசின் போன்றவையும் இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை பெரியவர் நாற்காலிப் பயிற்சி மட்டும் செய்யட்டும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. காலை 6 மணி என்றால் பெரும்பாலானவர்கள் வெறும் வயிற்றில் வருவார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அந்த நேரத்து உடற்பயிற்சி தாழ்சர்க்கரையைக் கொண்டுவரக்கூடும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், நினைவு தெளிவாக இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தடுமாறுபவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆகவே வகுப்பைச் சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மாற்றுவதே நல்லது.

யோகாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து எழும் ஆசனங்கள், கண் அழுத்த நோய் உள்ளவருக்குத் தலைகீழ் நிலைகள், எலும்பு மெலிந்தவருக்கு முன்புறம் ஆழமாகக் குனிதல் ஆகிய மூன்றையும் விலக்கிவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியும் கைகால் அசைவும்தான். இந்த வயதினருக்கு அதைவிட அவசியமானது சமநிலைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, குறைந்தது மூன்று நாள் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. சுவரோரம் கைப்பிடி உள்ள நாற்காலியைப் போட்டு அதிலிருந்து பத்து முறை உட்கார்ந்து எழுவது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது ஆகியவை தொடங்கப் போதும். தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

தொடங்குமுன் ஒவ்வொருவரையும் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுப்பவர் விழக்கூடியவர். அவர் பக்கத்தில் ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

இனி, வராதவர்களுக்கு வருகிறேன். அட்டவணையை நீங்கள் முதலில் போட்டுவிட்டு ஆட்களைப் பிறகு தேடியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்குப் புதிதாக எதையும் தொடங்காமல், நாளுக்கு மூன்று பேர் வீதம் 36 பேரோடும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், கைக்கு என்ன பழக்கம், எத்தனை மணிக்கு எழுவார், காது கேட்கிறதா, கண்ணாடி சரியாக இருக்கிறதா, கடந்த ஓராண்டில் விழுந்தாரா, என்னென்ன மாத்திரை எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்பதை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் பணியாற்றிய ஓர் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும்போதெல்லாம் "எனக்கு வேலை இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போகும் சுபாவம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். விசாரித்தால், 9 மணிக்கு அவர் கால் வீக்கத்துக்கான நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மணி நேரத்துக்குள் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். கூடத்திலிருந்து கழிப்பறைக்கு நாற்பது அடி. எல்லோர் முன்னிலையிலும் வேட்டி நனைந்துவிடுமோ என்ற அச்சத்தைத்தான் அவர் வேலை என்று சொன்னார். நிகழ்ச்சியை மாலை 4 மணிக்கு மாற்றி, கழிப்பறை வாசலுக்கு அருகே நாற்காலி போட்டதும் மறுநாளே வந்தார். உங்கள் 10 மணி விளையாட்டுக்கு வராதவர்களில் இப்படி எத்தனை பேர் என்று பாருங்கள்.

பஜனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இல்லத்தில் கிறிஸ்தவர், முஸ்லிம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் யாராவது இருந்தால், மாலை நேரத்தின் ஒரே பொது நிகழ்ச்சி பஜனையாக இருப்பது அவர்களை அறைக்குள் அனுப்பிவிடும். அதை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாள்களில் பழைய திரைப்பாடல், நாளிதழை உரக்கப் படித்து விவாதித்தல், தாயம், பல்லாங்குழி என்று வைக்கலாம். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையைவிடச் சோழி நல்லது. நடுங்கும் விரலுக்கு அகப்படும். ஆனால் எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் நிலையில் உள்ள மறதி நோயாளிக்கு இரண்டுமே ஆபத்து.

விளையாட்டே பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு, குறிப்பாக வாழ்நாள் முழுவதும் உழைத்த பெண்கள். பந்து எறியச் சொன்னால் அவமானமாக நினைப்பவர், ஒரு கட்டு முருங்கைக் கீரையை முன்னால் வைத்தால் கேட்காமலே உருவத் தொடங்கிவிடுவார். கீரை ஆய்தல், பூத் தொடுத்தல், துணி மடித்தல், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல் எல்லாமே நிகழ்ச்சிகள்தான். அவர் ஆய்ந்த கீரை அன்றைய சமையலுக்குப் போக வேண்டும். பின்கட்டில் கொட்டினால் மறுநாள் கண்டுபிடித்துவிடுவார்.

மறதி நோய் உள்ள ஐவரையும் தனிச் சிறு குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்ற முறை பிரிட்டனில் உருவாகி, சென்னையில் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறது. லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு முறை, ஏழு வாரத்தில் 14 அமர்வுகள் என்பது அதன் அமைப்பு. அதில் நான் முக்கியமாகக் கருதுவது, நினைவைச் சோதிக்காமல் கருத்தைக் கேட்பது. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் தெரியாமல் விழிப்பார்கள். "மாவடுவா, நாரத்தங்காயா, எந்த ஊறுகாய் உசத்தி?" என்று கேட்டால் சண்டையே வரும். மாலை மங்கும் வேளையில் இவர்களுக்குப் பதற்றம் கூடுவது வழக்கம் என்பதால், அமர்வை முற்பகலில் வையுங்கள்.

அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று கேக்கோடு வரும் கல்லூரி மாணவர்களிடம், அந்த ஒரு நாளை விட்டுவிட்டு ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையை மாதந்தோறும் கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் தொடர்ந்து வந்தாலும் சமநிலைப் பயிற்சியில் பக்கத்தில் நிற்க ஆள் கிடைத்துவிடும்.

நிர்வாகத்துக்கு வெறும் வருகை எண்ணிக்கையைக் கொடுக்காதீர்கள். ஒரே எட்டுப் பேர் முப்பது நாளும் வந்தாலும் 240 என்று காட்டும். அந்த மாதம் ஒரு நிகழ்ச்சிக்கும் வராதவர்கள் எத்தனை பேர், விழுந்தவர்கள் எத்தனை பேர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த 3 மீட்டர் நடை அளவில் யாருக்கு விநாடி குறைந்தது, யாருக்குக் கூடியது என்ற மூன்றையும் கொடுங்கள். விநாடி கூடியவரின் பெயரை அன்றே மருத்துவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.