முயல் டிரேயில் எதைப் போடுவது? பூனை மணலும் மில் மரத்தூளும் வேண்டாம்

கேள்வி: வியாசர்பாடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஏழு மாத வயதில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பால்கனியில் வைத்திருக்கும் கூண்டிலிருந்து வரும் சிறுநீர் நாற்றத்தைத் தாங்க முடியவில்லை என்று வீட்டு உரிமையாளர் முயல்களை அனுப்பிவிடச் சொல்கிறார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு லாவெண்டர் வாசனை போட்ட பூனை மணல் வாங்கினோம். ஒரு முயல் அதை நக்குகிறது. தெரிந்தவர் ஒருவர் மர மில்லிலிருந்து மரத்தூள் மூட்டை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எதைப் போடலாம்? இப்போது கொஞ்ச நாளாக ஒரு முயல் சுவரிலும் சிறுநீர் அடிக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பூனை மணலை இன்றைக்கே எடுத்துக் கொட்டிவிட்டு, கூண்டில் முயல் கழிக்கும் டிரேயைக் கழுவிவிடுங்கள். ஈரம் பட்டவுடன் கட்டியாகும் பூனை மணல் பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண். நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புவதுதான் அதன் வேலை. பூனை அதைத் தோண்டி மூடிவிட்டுப் போய்விடும். முயலோ டிரேயிலேயே உட்கார்ந்து புல் தின்னும், காலை நக்கிச் சுத்தம் செய்யும், கண்ணில் படுவதையெல்லாம் ஒரு கடி கடித்துப் பார்க்கும். உள்ளே போன களிமண் குடலிலும் அதே வேலையைத்தான் செய்யும், முயலுக்கு வாந்தி எடுக்கும் திறனும் கிடையாது. நக்கிய முயலை அடுத்த சில நாட்கள் கவனியுங்கள். அரை நாளுக்கு மேல் அது தீனியைத் தொடாமல் இருந்தாலோ, புழுக்கை சிறுத்து எண்ணிக்கையும் குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும். உருண்டையான, காய்ந்த புழுக்கையில் நாற்றம் அநேகமாக இல்லை, வருவதெல்லாம் சிறுநீரிலிருந்துதான். முயலின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது, அளவும் அதிகம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 130 மில்லி வரும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. காரமான ஈரத்தில் அந்த வாயு தங்காமல் எளிதாக மேலே கிளம்புகிறது. நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துகொண்டால், காலையில் மாற்றிய டிரே மாலைக்குள் கண்ணைக் கரிக்க வைக்கும். நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கே மூக்கில் ஏறுகிறதென்றால், மூக்கை டிரேயின் விளிம்பில் வைத்துப் படுத்திருக்கும் முயலின் சுவாசப்பாதை என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். தும்மலும் சளியுமாக வரும் முயல்களில் பலவற்றின் தொல்லைக்கு இந்த அம்மோனியாவும் ஒரு காரணம். லாவெண்டர் வாசனை அம்மோனியாவைக் குறைப்பதில்லை, உங்கள் மூக்கை மட்டும் ஏமாற்றுகிறது. (கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் காற்றைப் பல வருடங்களாகச் சுவாசிக்க வைத்திருக்கும் ஊரில் இரண்டு முயல்களின் மேல் வழக்கு வருவது வேடிக்கைதான், ஆனாலும் உங்கள் வீட்டு உரிமையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.)

ஆகவே உங்களுக்குத் தேவை, ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிற, தூசி பறக்காத, முயல் கொஞ்சம் தின்றுவிட்டாலும் களிமண்போலக் குடலில் கட்டியாகாத பொருள். இந்த மூன்றுக்கும் பொருந்துவது காகிதக் கூழில் செய்த பெல்லட், அதாவது இறுக்கிச் செய்த சிறு குச்சித் துண்டுகள். அடுத்தது, வேறெதுவும் கலக்காமல் மரத்தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய மர பெல்லட். டிரேயின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். அதன் மேல் உலர்ந்த புல்லை ஒரு கனத்த அடுக்காகப் போட்டு, ஒரு ஓரத்தில் தின்பதற்கென்று தனியாகவும் கொஞ்சம் குவித்து வையுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கம் உண்டு. புல் இருக்கும் மூலையைத் தானாகவே தேடி வரும். பெல்லட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தடிமனாகப் போடுங்கள். பளபளப்பான இணைப்புத் தாள் வேண்டாம். செய்தித்தாள் ஈரத்தைப் பிடிக்குமே தவிர நாற்றத்தைப் பிடிக்காது, எனவே தினமும் காலையில் மாற்றியே ஆக வேண்டும். மக்காச்சோளக் கட்டைத் துகள், உமி, தென்னை நார்த்தூள் ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள்.

இனி அந்த மரத்தூள் மூட்டைக்கு வருவோம், ஏனென்றால் என்னிடம் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது. அறுவை மில்லில் தரையைக் கூட்டி அள்ளும் தூளில் தேக்கும் இருக்கும், வேம்பும் இருக்கும், பிளைவுட் அறுத்த தூளும் இருக்கும். பிளைவுட்டில் ஒட்டுப் பசை இருக்கிறது, அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. எது எவ்வளவு என்று மில்காரருக்கே தெரியாது. அதை வாங்கி வந்து, ஒரு கிலோ, இரண்டு கிலோ கவர்களில் அடைத்து, கணினியில் அச்சடித்த முயல் படம் ஒன்றை ஒட்டி விற்பதற்கென்றே இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவரில் என்ன மரம், எங்கே உலர்த்தியது, யார் அடைத்தது என்று ஒரு வரியும் இருக்காது. ஒரு ரூபாய் மிட்டாய் உறையில் தயாரிப்பாளர் முகவரியைத் தேடுகிற நாம், ஒரு பிராணி இரவு பகலாகப் படுத்துச் சுவாசிக்கும் பொருளுக்கு அதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்களும் கேட்டு நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளி ஊதிப் பாருங்கள்: மாவுபோலப் பறந்தால் அது நுரையீரலுக்குள் போகும் தூள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதில் பைன் மரத்தைப் பற்றிய ஒரு விலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அரைகுறையாகப் புரிந்துகொண்டு பலரும் ஏமாறுவது இங்கேதான். பைன், தேவதாரு போன்ற மரங்களின் பச்சைச் சீவலில் வாசனை எண்ணெய்களும் ஃபீனால் வகைப் பொருள்களும் இருக்கின்றன; அவற்றை நெடுநாள் சுவாசிக்கும் சிறு பிராணிகளின் கல்லீரல் நொதிகள் தூண்டப்படுகின்றன, அதனால் மயக்க மருந்து போன்றவை உடலில் சிதையும் வேகமும் மாறக்கூடும். ஆனால் சூளையில் உலர்த்திய பைனிலும், சூட்டில் இறுக்கிய பெல்லட்டிலும் அந்தப் பொருள்களில் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால், அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இதைக் காதில் வாங்கிய தரகர், துறைமுகத்துச் சரக்கின் அடியில் தாங்கியாக வந்து உடைந்துபோன பைன் கட்டைகளைச் சீவிவிட்டு, 'இது வெளிநாட்டு பைன், சூடு காட்டியது, முத்திரையைப் பாருங்கள்' என்பார். முத்திரை உண்மையானதுதான். அதில் எச்.டி. என்றிருந்தால், கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்தார்கள் என்று பொருள். அது மரத்திலுள்ள பூச்சியைக் கொல்வதற்கான கணக்கு, எண்ணெய் போக உலர்த்துவதற்கான கணக்கு அன்று. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் புகைமூட்டம் போட்ட மரம். எந்த முத்திரையானாலும், அந்தக் கட்டையின் மேல் எந்தச் சரக்கு ஏறியது, எது சிந்தி ஊறியது என்பதை எவரும் சொல்ல மாட்டார். அதேபோல், பாய்லருக்கென்று விற்கும் எரிபொருள் பெல்லட்டைப் பார்த்து, இதுவும் பெல்லட்தானே, விலையும் குறைவாயிற்றே என்று மூட்டையாக வாங்கிவிட வேண்டாம். நிலக்கடலைத் தொலியும் இன்ன பிறவும் அதில் சேரும், எரிப்பதற்குச் செய்ததை யாரும் தின்பதற்கேற்றபடி செய்வதில்லை. உறையில் பிராணிகளுக்கென்றும், ஒரே மரம் என்றும், வேறெதுவும் சேர்க்கவில்லை என்றும் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒரு கைப்பிடி பெல்லட்டில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தால், நல்ல பெல்லட் சில நிமிடங்களில் வெறும் தூளாக உதிரும். கொழகொழவென்று பசைபோல ஒட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பொருளைப் போட்டாலும் கழுவுகிற முறை தவறாக இருந்தால் நாற்றம் போகாது. டிரேயின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோலப் படிந்திருக்குமே, அது முயல் சிறுநீரோடு வெளியேற்றும் கால்சியம்; நாற்றம் ஒளிந்திருப்பது அதில்தான். சோப்பு அதைக் கரைக்காது. கடையில் விற்கும் வெள்ளை வினிகரைப் படிவு மூழ்கும்படி ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். காரத்தைத் தணிப்பதால் அம்மோனியாவும் அடங்கும். ஈரமான மூலையைத் தினமும் அள்ளுங்கள், மூன்று நாளைக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். ஃபினாயில், அந்துருண்டை இரண்டும் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் தேங்கிய இடத்தில் தூவினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற மூச்சடைக்கும் வாயு கிளம்பும். மூடிய பால்கனியில் அது முயலோடு நிற்காது, உங்களையும் தாக்கும். வினிகரும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பதால், இரண்டில் வினிகரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அள்ளிய கழிவைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம். பெல்லட் குழாயில் உப்பி அடைத்துக்கொண்டால் வீட்டு உரிமையாளருக்கு இரண்டாவது புகார் கிடைத்துவிடும்.

சுவரில் சிறுநீர் அடிக்கும் முயலைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருந்தாலும், நாற்றத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் பீய்ச்சிய கறை இருந்தால் அந்த முயல் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெண் முயலும் சில வேளை அடிக்கும். ஆனாலும் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்க்கவும் பொறுமையில்லாமல் 'ரெண்டும் பெண்ணுதான், எடுத்துட்டுப் போங்க' என்று பெட்டியில் வைத்துக் கொடுப்பவர்களை நம்பிவிட முடியாது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டால் எத்தனை பேர் எடுத்து நீட்டுகிறார்கள் என்று நீங்களே பாருங்கள். இரண்டையும் இன்றே வேறு வேறு கூண்டில் பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். ஆண் என்றால் விதைநீக்கம் செய்த சில வாரங்களில் சுவரில் அடிப்பதும் அந்தக் காட்டமான வாடையும் பெரும்பாலும் தணிந்து, டிரே பழக்கமும் படியும். ஆனால் அதற்குப் பிறகும் சில வாரங்கள் வரை அதனால் சினை தங்கலாம் என்பதால் உடனே சேர்த்து விட வேண்டாம்.

இதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவுதான். எங்கே போனாலும், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்லும் பாடத்தையே ஒப்பித்து, முந்தின இரவிலிருந்து முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி தேவையில்லை, குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்துதான் மிச்சம். அப்படிச் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.